இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளன

மார்ச் 17, திங்கள்

பேரவை இன்று கூடியது. இனி ஒன்றரை மாதத்துக்குக் கோட்டையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். எதற்கென்று கேட்டால் தெரியாது.

பிரிவு அலுவலர் ரஹமத்துல்லா, நான் ஓய்வு பெற்றதும் என் அனுபவங்களைப் புத்தகமாகப் போட வேண்டும் என்கிறார். அவர் பேச்சை நம்பித்தான் இந்த டைரி. ஆகவே ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

தினமும் காலையில் கேள்வி நேரம். ஊரில் எது ஓடவில்லை, எது ஒழுகுகிறது, எது கட்டிய மறுவருஷமே விரிசல் விட்டது என்று உறுப்பினர்கள் எழுந்து கேட்பார்கள். அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். மாடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஜனநாயகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு வெளியே போவார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம், அந்தப் பதிலை அமைச்சர் எழுதுவதில்லை என்பது. மருத்துவமனைகளைக் கவனிக்கும் எங்கள் துறையில் துணைச் செயலாளர் காந்திமதி எழுதுகிறாள். அதாவது நான்.

எங்கள் அமைச்சர் பூங்குன்றன் மேடைப் பேச்சாளராக இருந்து வந்தவர். நல்ல குரல். அதைத் தவிர வேறெதையும் அவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கையில் கொடுத்ததைப் படிப்பார். மளிகைச் சீட்டைக் கொடுத்தாலும் துவரம்பருப்பு இரண்டு கிலோ என்று தமிழன்னைக்கு முடிசூட்டுகிற தோரணையில் முழங்குவார். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று யோசிப்பார். அதுவும் எல்லா நாளும் இல்லை.

கேஸ் சிலிண்டர் வரவில்லை. நாளை மறுபடி போன் செய்ய வேண்டும்.

மார்ச் 19, புதன்

இந்த வாரக் கேள்விகள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் புதுக் கட்டடம் வேண்டும் என்பவை. கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், கல்வெட்டில் பெயர் வரும். டாக்டர் வந்தால் யார் பெயரும் வராது, ஆகவே டாக்டரை யாரும் கேட்பதில்லை.

ஒரு கேள்வி செவல்குளத்திலிருந்து. என் சொந்த ஊர். கேட்டிருப்பவர் இசக்கிராஜ், எதிர்க்கட்சி, முதல் தடவை ஜெயித்து வந்தவர். அரிசி ஆலைக்காரர் மகன். கேள்வி இது: “செவல்குளம் அரசு மருத்துவமனையில் உள்ள டயாலிசிஸ் இயந்திரங்கள் பழுதடைந்துள்ளனவா? ஆமெனில் அவை எப்போது சரிசெய்யப்படும்?”

மாவட்டத்திலிருந்து அறிக்கை கேட்டோம். இயந்திரங்கள் ஐந்தும் நன்றாக இருக்கின்றன. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய அந்த இயந்திரத்துக்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டின் மோட்டார் அக்டோபர் மழையில் கருகிவிட்டது. அன்றிலிருந்து ஒருவருக்கும் சிகிச்சை கிடையாது. எல்லோரையும் திருநெல்வேலிக்கு அனுப்புகிறார்கள்.

ரஹமத்துல்லா தண்ணீர் விஷயத்தையும் பதிலில் சேர்த்து எழுதிக் கொண்டுவந்தார். அடித்துவிட்டேன். தண்ணீரைப் பற்றி யார் கேட்டார்? நான் எழுதிய பதில்:

“(அ) இல்லை. ஐந்து இயந்திரங்களும் நல்ல நிலையில் உள்ளன. (ஆ) கேள்வி எழவில்லை.”

ஒரு சொல் பொய் இல்லை. செயலாளர் படித்துவிட்டுச் சிரித்தார். “இதுக்குத்தான் நீங்க வேணும்கிறது” என்றார். நேரடியாக ஐ.ஏ.எஸ். எழுதி வந்த பையன். இன்னும் பத்து வருஷம் போனாலும் இப்படி ஒரு வரி அவனுக்கு எழுத வராது.

ரஹமத்துல்லா, “உங்க தம்பி அங்கதானே மேடம்?” என்றார். ஆமாம், அங்கேதான்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை. கீழே பொது மோட்டார் நின்றுவிட்டது. பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளருக்குப் போன் செய்து நான் யார் என்று சொன்னேன். மத்தியானத்துக்குள் சரி.

இரண்டு புடவை இஸ்திரிக்குப் போட்டேன்.

மார்ச் 24, திங்கள்

செவல்குளம் கேள்வி இன்று எடுக்கப்பட்டது.

அமைச்சர் முழங்கினார். ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. அவர்கள் கை அவர்கள் காதைக் கேட்பதில்லை. வாக்கியம் முடிந்தால் தட்டும்.

பிறகு துணைக் கேள்விக்கு இசக்கிராஜ் எழுந்தார். ஒரு உறுப்பினர் அமைச்சரை மடக்குவதற்கென்று விதிகளில் இருக்கிற ஒரே சந்து இதுதான். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் ஏன் ஒருவருக்கும் சிகிச்சை இல்லை என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். மனிதர் முதலில் தன் தலைவரை வணங்கினார். பிறகு தலைவரின் தந்தையை. பிறகு செவல்குளம் வாக்காளப் பெருமக்களை. தானே எழுதியது என்று சொல்லி நாலு வரிக் கவிதை படித்தார். “திங்கள்” என்ற சொல்லை “தங்கள்” என்ற சொல்லோடு இணைத்திருந்தார். பேரவைத் தலைவர் மூன்று தடவை கேள்விக்கு வாருங்கள் என்றார். வந்தார். மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் கட்டித் தர அரசு ஆவன செய்யுமா என்று கேட்டு உட்கார்ந்தார்.

நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். மேசை தட்டல்.

அதிகாரிகள் பகுதியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டதல்லவா, அதுவாக இருக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

சங்கரபாண்டி போன் செய்தான். என் தம்பி. படிப்பு ஏறவில்லை. ஊரில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறான். எந்தக் கட்சிக்காரன் பிறந்தநாள் என்றாலும் புலி, சிங்கம், கிரீடம் என்று போட்டு அடித்துக் கொடுப்பான். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்டோபர் வரை உள்ளூரிலேயே போய்க்கொண்டிருந்தான். இப்போது அவனும் பெண்டாட்டி பகவதியும் விடியற்காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய், படுக்கை காலியாகும் வரை வராந்தாவில் காத்துக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நாள் நல்ல நாளாம்.

இதையெல்லாம் பகவதி சொல்லித்தான் தெரியும். அவன் என்னிடம் எதையும் கேட்கிறவன் இல்லை. கோட்டையில் எங்கக்கா இருக்கா என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான். சொல்வதோடு சரி.

இன்று போனில் ஒரே சிரிப்பு.

“எக்கா, மிசின்லாம் நல்லாருக்காம்லா. பேப்பர்ல போட்ருக்கான். அத எழுதுனவன் பெரிய வெவரமான ஆளுக்கா. பொய் சொல்லல பாரு.”

நான் பேச்சை மாற்றி அவனுடைய எம்.எல்.ஏ.வின் அழகைப் பற்றி நன்றாகத் திட்டினேன். கவிதை படிக்க வந்தவனுக்குக் கேள்வி எதற்கு என்றேன். இசக்கிராஜ் நல்ல பையன்தான், நம்ம கடையில்தான் போர்டு அடிக்கிறான் என்று தம்பி அவருக்குப் பரிந்து பேசினான். நான் சொன்னேன்:

“மிஷினப் பத்திக் கேட்டா மிஷினப் பத்தித்தாம்ல பதில் வரும். தண்ணியப் பத்திக் கேக்கச் சொல்லு. எழுதிக் குடுத்தா எழுதித்தான் பதில் வரும், எந்திரிச்சு நின்னு துணைக் கேள்வியாக் கேக்கச் சொல்லு. ஒத்த வரி. கும்பிடு, கவித ஒண்ணும் வேண்டாம்.”

இது தமிழ் இலக்கணம் தெரிந்த எவரும் சொல்லக்கூடியது. அரசு ரகசியம் ஒன்றும் இல்லை.

கீரைக்காரி இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் பகவதியின் போன். நேற்று பஸ் நடுவழியில் பஞ்சராகி இவர்கள் போய்ச் சேர்வதற்குள் முறை போய்விட்டது. நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்திரியே மூச்சுத் திணறல். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இப்போது திருநெல்வேலியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான்.

“மதினி, நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போனா அவுஹளுக்குத் தெம்பாருக்கும்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டி வைத்திருப்பேன்.

செயலாளரிடம் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். பேரவை நடக்கும்போது எப்படி மேடம் என்றார். ஒன்பதாம் தேதி நம் துறையின் கேள்விகள் இருக்கின்றன, நீங்கள் இல்லாமல் முடியாது என்றார். புகழ்ச்சி மாதிரிச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

தம்பியைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். மிக்ஸி ஜாரில் விரிசல்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்பதாம் தேதிக்கான முதல் கேள்வி ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவருடையது. அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் சேவை நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்குவதை அரசு அறியுமா என்பது கேள்வி. கேள்விக்குள்ளேயே பதிலையும், பதிலுக்குள்ளேயே மாலையையும் வைத்துக் கட்டிய பொட்டலம். எழுதிக் கொடுத்தவர் அமைச்சரின் உதவியாளர் என்பது எல்லோருக்கும் தெரியும். மாநிலம் முழுவதற்குமான பொதுக் கேள்வி என்பதால் எந்த ஊர் உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்பது அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை.

செவல்குளம் எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து எங்கள் பிரிவுக்குப் போன் வந்ததாம். தண்ணீர் பிளான்ட்டைப் பற்றித் துணைக் கேள்வி கேட்டால் பேரவைத் தலைவர் அனுமதிப்பாரா என்று விசாரித்தார்களாம். ரஹமத்துல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கென்ன தெரியும் என்றேன்.

துணைக் கேள்விகள் வந்தால் சமாளிக்க அமைச்சருக்கு ஒரு குறிப்பு தயார் செய்வோம். செயலாளர் பார்த்து, வெட்டி ஒட்டி அனுப்புவார். அதில் செவல்குளத்தைச் சேர்க்கட்டுமா என்று ரஹமத்துல்லா கேட்டார். வேண்டாம், பக்கம் அதிகமாகிவிடும் என்றேன்.

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு, “சரிங்க மேடம், பக்கம் அதிகம்தான்” என்று போய்விட்டார்.

ஏப்ரல் 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செயலாளர் நிதித் துறைக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அதிகாரிகள் பகுதியில் எங்கள் துறைக்கு நான் மட்டும்தான். முன்மாதிரிக் கேள்வி எடுக்கப்பட்டது. அமைச்சர் எழுந்து, எத்தனை மருத்துவமனை, எத்தனை இயந்திரம், எத்தனை லட்சம் பேர் பயன் என்று அடுக்கினார். கேள்வி கேட்டவர் எழுந்து நன்றி சொன்னார். கேள்வி கேட்டதற்கு அவரே நன்றி சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இசக்கிராஜ் கை தூக்கினார். அனுமதி கிடைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், கவிதை வரப்போகிறதென்று. வரவில்லை. வணக்கம்கூட இல்லை. கையில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

“பேரவைத் தலைவர் அவர்களே, செவல்குளத்துல மிசின் நல்லாருக்குன்னு அமைச்சர் போன தடவ சொன்னாங்க. அந்த மிசினுக்குத் தண்ணி வருதா? வரலன்னா எப்பலேர்ந்து வரல?”

உட்கார்ந்துவிட்டார்.

அமைச்சர் கையிலிருந்த குறிப்பைப் புரட்டினார். அதில் செவல்குளம் இல்லை. எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் துண்டுச் சீட்டில் தகவல் எழுதிச் சீருடை ஊழியரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அது என் வேலை. வழக்கமாக என்ன எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். “விவரம் பெற்று உறுப்பினருக்குத் தெரிவிக்கப்படும்.” கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

எழுதினேன். கொடுத்தனுப்பினேன். அமைச்சர் வாங்கினார். தொண்டையைச் செருமினார். சுருதி ஏறியது.

“மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். செவல்குளம் அரசு மருத்துவமனையில் தண்ணீர் சுத்திகரிப்பு மோட்டார் கடந்த அக்டோபரில் எரிந்துவிட்டது. அது இன்று வரை சரிசெய்யப்படவில்லை. ஆகவே அன்று முதல் அங்கே ஒரு நோயாளிக்குக்கூடச் சிகிச்சை அளிக்கப்படவில்லை!”

ஆச்சரியக்குறி அவருடையது. நான் போடவில்லை.

ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. நன்றாகத் தட்டியது. இரண்டாவது வரிசையில் ஒருவர் “அருமை” என்றுகூடச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கையாக நின்றது. முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அப்புறம் எதிர்க்கட்சி முழுக்கச் சிரித்தது. மாடத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

இசக்கிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று அமைச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமைச்சர் கையிலிருந்த சீட்டை மறுபடி ஒரு தடவை தனக்குள் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, குரல் இறங்கி, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரியைச் சொன்னார். இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் அது சரிசெய்யப்படும்.

அவையில் அமைச்சர் தந்த உறுதிமொழி. அதைக் கண்காணிக்க ஒரு குழுவே இருக்கிறது. இனி யார் நினைத்தாலும் விழுங்க முடியாது.

ஏப்ரல் 10, வியாழன்

செயலாளர் அறையில் ஒரு மணி நேரம். அமைச்சரின் உதவியாளரும் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். பேரவைத் தலைவர், அமைச்சர் தாமாகச் சொன்னதை எந்த விதியில் நீக்குவது என்று கேட்டுவிட்டாராம். ஆகவே வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தவறான தகவலை அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நான் விளக்கம் தர வேண்டும். அதை வைத்து அமைச்சர் திருத்த அறிக்கை படிப்பார்.

எந்தச் சொல் தவறு என்று சொன்னால் திருத்தித் தருகிறேன் என்றேன்.

உதவியாளர் குதித்தார். துணைக் குறிப்பில் ஏன் செவல்குளம் இல்லை, யாரிடம் பேசினீர்கள், அந்த ஊர்தானே உங்களுக்கு என்றெல்லாம் கேட்டார். பேரவையில் எந்த உறுப்பினரும் இவ்வளவு நன்றாகத் துணைக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. தேர்தலில் நிற்கலாம்.

செயலாளர் அவரை வெளியே அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“மேடம், போன மாசம் இதே விஷயத்துக்கு நீங்க எழுதின பதிலையும் நான் பாத்தேன். அன்னைக்கு நீங்க இதை எழுதலையே?”

அன்று யாரும் கேட்கவில்லை என்றேன். சரியான பதில். அவர் சிரிக்கவில்லை. நானும் என் அறைக்கு வந்து வெகுநேரம் மின்விசிறியைப் போடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ரஹமத்துல்லா வந்து போட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. கட்டாயக் காத்திருப்பு. அதாவது வேலையும் கிடையாது, வேலை போகவும் இல்லை. அடுத்த இடம் சொல்லும் வரை வீட்டில் இருக்க வேண்டும். விடுப்பு கேட்டபோது இரண்டு நாள் தர மனமில்லாதவர்கள், கேட்காமலே தேதி போடாமல் தந்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் தயாளம் எப்போதும் இப்படித்தான், ஒரு வாரம் தாமதமாக வரும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

செவல்குளம். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். பாதியாக இருக்கிறான். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. “எக்கா, வேலைய விட்டு எடுத்துட்டாவளா?” என்றான். லீவு என்றேன். நம்பவில்லை.

நாளை மறுநாள் அவனுக்கு முறை. பகவதி வேண்டாம் என்றாள். நானும் அவர்களோடு பஸ்ஸில் போகிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போய்வந்தோம். எழுத முடியவில்லை. முதுகு வலி.

ஏப்ரல் 26, சனி

மோட்டார் வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராதது, எண்ணிப் பார்த்தால் பதினேழே நாளில் வந்துவிட்டது. வந்தால் போதாதாம். அமைச்சரே வந்து ரிப்பன் வெட்டினார். எரிந்த மோட்டாரை மாற்றியதற்கு நாதஸ்வரம், சாமியானா, வரவேற்பு வளைவு. எரிந்த அன்றும் ஒரு விழா வைத்திருக்கலாம்.

இசக்கிராஜையும் மேடையில் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். மைக்கைக் கொடுத்ததும் தலைவரை வணங்கி, தலைவரின் தந்தையை வணங்கி, கவிதை படித்தார். அந்த ஒரு வரி அவர் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

முதல் ஆளாகச் சங்கரபாண்டியைப் படுக்க வைத்திருந்தார்கள். அமைச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். போட்டோக்காரன் சுற்றி நின்றவர்களை விலகச் சொன்னதும் பின்னால் இருந்த என்னை அமைச்சர் பார்த்துவிட்டார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

“இவரு யாரு?”

“என் தம்பி.”

அவர் பேசியது மேடைக் குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல் போலும், இன்றுதான் கேட்டேன்.

“அன்னைக்கு என்னைப் பாத்து ஊரே சிரிச்சுது மேடம். அது போகட்டும். தம்பிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பேனே. அக்டோபர்லயே முடிஞ்சிருக்கும்.”

அவர் சொன்னது நிஜம். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு போன். அதைச் செய்யத் தெரியாதவள் இல்லை நான். தம்பிக்காகப் போய் நிற்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. தம்பியைத் தவிர இன்னும் யார் யார் அந்த வராந்தாவில் கிடக்கிறார்கள் என்பது நினைவுக்கே வரவில்லை. அமைச்சரின் மேல் எனக்கு இருந்த இளக்காரம் முழுசாக அப்படியே இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நிற்க முன்னைப் போல இடம் இல்லை.

“ஒரு போன்ல முடியறதுக்குப் பேரவை எதுக்குங்க சார்?” என்று மட்டும் கேட்டேன்.

“அதுவும் வேணும்ல” என்றார். போய்விட்டார்.

மே 2, வெள்ளி

செவல்குளத்தில் இப்போது ஐந்து படுக்கையும் நிறைந்திருக்கிறது. சங்கரபாண்டிக்குக் காலை முறை. நடந்தே போகிறோம். அவன் உள்ளே படுத்திருக்கும்போது நான் வெளியே பெஞ்சில் பேப்பர் படிப்பேன்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் செய்தி வந்திருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், செவல்குளத்தில் டயாலிசிஸ் சேவை சிறப்பாக நடப்பதை அரசு அறியுமா என்று கேட்டிருக்கிறார். அறியும் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். மேசையைத் தட்டினார்களா என்று பேப்பரில் போடவில்லை.

ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஒன்றும் இல்லை. விரல் நுனியில் பீடி சுற்றுகிறவர்களுக்கு இருக்கிற கறை. பெயர் பிரம்மசக்தி என்றாள். அவள் வீட்டுக்காரரும் சங்கரபாண்டியும் ஒரே பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்வந்தவர்களாம். பகவதி சொல்லி என்னைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

“நீங்கதானம்மா மெட்ராஸ்ல, இங்கருந்து கேக்குறதுக்கெல்லாம் பதில் எழுதுற ஆபீசரு?”

ஆமாம் என்றேன். பெஞ்சில் இடம் விட்டேன். உட்காரவில்லை.

“எங்க வீட்டுல அவுஹ மாசி மாசம் தவறிட்டாவ. பஸ்ஸுல போறப்பவே. வயித்தெரிச்சல்ல கேக்கல, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். இந்த மோட்டார அப்பமே மாத்திருக்க முடியுமாம்மா?”

மாசி என்றால், நான் அந்தப் பதிலை எழுதுவதற்கு முன்னால். என் பேனாவுக்கும் அந்த மனிதருக்கும் சம்பந்தமில்லை என்று முதலில் கணக்குப் போட்டேன். அதைச் சொல்லியிருக்கலாம். எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது எனக்கு வரிசையாகத் தோன்றியது. ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, நிதியாண்டின் முடிவு, மாவட்டத்திலிருந்து வர வேண்டிய முன்மொழிவு. எல்லாமே நிஜம். எழுதினால் இரண்டு பக்கம் வரும்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

“மாத்தியிருக்கலாம்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் அவுஹ விதிங்காவ. ஒரு ஆளாவது இதச் சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றாள். பஸ் வந்துவிடும் என்று கிளம்பினாள். மருத்துவமனை வாசல் வரை கூடவே போனேன். பஸ் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.